தடம் மாறாத காரும் கண் அயரும் லாரியும்

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவர் ஒருவர்)



கார் வாங்குவது ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்தின் கனவு. இன்று தவணைத் திட்டங்களின் தயவால் அந்தக் கனவு பலருக்கும் நனவாகி, தெருவுக்கு நாலு கார் நிற்கிறது. மைலேஜ் எவ்வளவு, டிக்கி எவ்வளவு பெரிசு என்று கேட்டுக் கார் வாங்கிய காலம் மலையேறிவிட்டது. ஷோரூமுக்குள் கால் வைத்ததுமே, "சார், இதுல அடாஸ் இருக்கு சார்" என்று ஆரம்பிக்கிறார் விற்பனையாளர். அந்த அடாஸ் என்கிற மூட்டைக்குள் பல சரக்குகள் இருந்தாலும், வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பது ஒன்றைத்தான். அதன் பெயர் லேன் கீப்பிங் அசிஸ்ட். வண்டி தன் தடத்தை விட்டு விலகினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி, வண்டியை உள்ளே இழுத்துக்கொள்ளும். டெஸ்ட் டிரைவில் விற்பனையாளர் ஒரு நிமிஷம் கையை எடுத்துக் காட்டுவார். பின்சீட்டில் பிள்ளைகள் கைதட்டும். வண்டி வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே ரீல்ஸ் வந்துவிடும்.

இது உண்மையிலேயே வேலை செய்கிறதா? "செய்யுது" என்பவரும் பொய் சொல்லவில்லை, "அட போங்க, நான் முதல் நாளே ஆஃப் பண்ணிட்டேன்" என்பவரும் பொய் சொல்லவில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குறிப்பிட்ட ரோட்டில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு இது உயிர் காக்கும் சாதனம். ஆனால் அந்த ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் நாம் இதைப் பொருத்தவில்லை. ரீல்ஸ் எடுக்கிறவர் வண்டியில் பொருத்தியிருக்கிறோம்.

சரக்கு என்னவென்று பார்த்துவிட்டு மேலே போவோம். முன்கண்ணாடியின் உச்சியில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கேமரா. கறுப்புத் தாரில் வெள்ளைக் கோடு எங்கே ஓடுகிறது என்று அது பார்த்துக்கொண்டே வரும். கோட்டிலிருந்து வண்டி எத்தனை தூரம், எந்தக் கோணத்தில் சாய்ந்து போகிறது, முன்னால் வளைவு எவ்வளவு என்று கணக்கிட்டு, இன்னும் எத்தனை விநாடியில் சக்கரம் கோட்டை மிதிக்கும் என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். இண்டிகேட்டர் போட்டிருந்தால் நாம் வேண்டுமென்றே மாறுகிறோம் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். போடவில்லையென்றால் வேலையைக் காட்டும். வெறும் சத்தமோ அதிர்வோ கொடுத்து நிறுத்திக்கொண்டால் அது லேன் டிபார்ச்சர் வார்னிங். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கின் மோட்டாருக்கு உத்தரவு போட்டு வண்டியை உள்ளே தள்ளினால் அது லேன் கீப்பிங். கோட்டைத் தொடும்வரை காத்திராமல், எப்போதுமே நடுவில் பிடித்து வைத்திருந்தால் அது லேன் சென்டரிங். சில கம்பெனிகள் ஸ்டீயரிங்கையே தொடாமல், ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் லேசாகப் பிரேக் கொடுத்து வண்டியைத் திருப்பின. சேசிஸ் பாடம் எடுக்கும் எங்கள் சாருக்கு இதைச் சொன்னால் ஒரு பீரியட் முழுக்கப் போர்டில் படம் போடுவார்.

ஒன்றை மறக்கக்கூடாது. மோட்டார் கொடுக்கும் முறுக்குவிசை வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டது. ஓட்டுநர் நினைத்தால் ஒரு கையாலேயே அதை மீறித் திருப்பலாம். அப்படித்தான் இருக்கவேண்டும். கேமரா தப்பாகப் பார்த்தால் வண்டியை மனிதன் மீட்டாக வேண்டுமே! ஆக, இது டிரைவரே அல்ல. பக்கத்துச் சீட்டிலிருந்து தோளைத் தட்டும் கிளீனர்.

அந்தத் தட்டலுக்கு என்ன மதிப்பு? ஒரு சின்னக் கணக்கு. நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். காரின் அகலம் சுமாராக 1.8 மீட்டர். நடுவில் போனால் இருபுறமும் 0.85 மீட்டர் மிச்சம். மணிக்கு 100 கி.மீ. என்றால் விநாடிக்கு 27.8 மீட்டர். ஓட்டுகிறவர் கண் செருகி, வண்டி ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், பக்கவாட்டில் விநாடிக்கு 0.485 மீட்டர் நகரும். 0.85 மீட்டரைக் கடக்க ஒன்றே முக்கால் விநாடி! கொட்டாவி விடக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும். அந்த ஒன்றே முக்கால் விநாடியில் தூங்காமல் விழித்திருக்கும் ஒன்று வண்டிக்குள் இருக்கிறது என்பதுதான் இந்தச் சாதனத்தின் முழுப் பெருமையும். அது சின்னப் பெருமை இல்லை.

இது நேற்று முளைத்த காளான் அல்ல. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் டிக்மான்ஸ் என்ற பேராசிரியர் 1987-லேயே ஒரு மெர்சிடிஸ் வேனில் கேமராக்களையும் கம்ப்யூட்டர்களையும் ஏற்றி, காலியான ஆட்டோபானில் மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் ஓட விட்டார். 1995-ல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இருவர் ஒரு வேனில் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியகோ வரை 2,849 மைல் போனார்கள். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மனிதன் கையில். ஸ்டீயரிங் மட்டும் கம்ப்யூட்டர் கையில். 98.2 சதவீத தூரத்தைக் கம்ப்யூட்டரே ஓட்டியது. அடேயப்பா என்று தோன்றுகிறதா? செமஸ்டரில் 98 மார்க் வாங்கினால் போர்டில் பெயர் எழுதிப் போடுவார்கள். ரோட்டில் மிச்சமுள்ள 1.8 சதவீதம் என்பது சுமார் 82 கி.மீ. அந்த 82 கி.மீ. ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல் வராது. எங்கே வரும் என்று முன்கூட்டிச் சொல்லிக்கொண்டும் வராது. அன்றைக்கு இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை ரோட்டில் வைத்திருந்தார்கள், பிழைத்தார்கள். முப்பது வருஷத்தில் கம்ப்யூட்டர் எத்தனையோ மடங்கு வளர்ந்துவிட்டது. இந்தக் கணக்கின் குணம் மட்டும் மாறவில்லை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? ஸ்வீடனில் வோல்வோ கார்களை வைத்து 2017-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. நேருக்கு நேர் மோதல், தனி வண்டியாகத் தடம் விட்டுப் போய் மோதுதல், இந்த இரண்டு வகையிலும் காயம் ஏற்பட்ட விபத்துகள் 53 சதவீதம் குறைந்தன என்றார்கள். விற்பனையாளர் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார். நாம் அடுத்த வரியையும் படிக்கவேண்டும். வேக வரம்பு 70 முதல் 120 வரை உள்ள சாலைகளில் மட்டும், பனியும் ஐஸும் மூடாத நாட்களில் மட்டும். அதுமட்டுமா, புள்ளிவிவரக் கணக்கில் அந்த 53-க்குக் கீழ் எல்லை 11. உண்மையான பலன் 11 ஆகவும் இருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2018-ல் வெளியிட்ட கணக்கில், வெறும் எச்சரிக்கைச் சாதனத்தால் இப்படிப்பட்ட விபத்துகள் 11 சதவீதமும், அவற்றில் காயம்பட்டவை 21 சதவீதமும் குறைந்தன. 2022-ல் அமெரிக்க அரசும் கார் கம்பெனிகளும் சேர்ந்து பெரிய அளவில் பார்த்தபோது, தனி வண்டியாக ரோட்டை விட்டு இறங்கும் விபத்துகள் 8 சதவீதம்தான் குறைந்திருந்தன. அதே ஆய்வில் தானியங்கி பிரேக் முன்வண்டியில் போய் இடிக்கும் விபத்தைப் பாதியளவுக்குக் குறைத்திருந்தது.

ஏன் இத்தனை வித்தியாசம்? பிரேக் போடும் சாதனத்துக்கு முன்னால் நிற்கும் வண்டி தெரிந்தால் போதும். தடம் காக்கும் சாதனத்துக்கு மூன்று பேர் ஒத்துழைக்க வேண்டும்: கார் செய்தவர், ரோட்டில் கோடு போட்டவர், ஸ்டீயரிங் பிடித்தவர். மூவரில் ஒருவர் கைவிட்டாலும் கதை முடிந்தது.

ஸ்டீயரிங் பிடித்தவர் முதலில் கைவிடுகிறார். 2017-ல் அதே இன்சூரன்ஸ் நிறுவனம், சர்வீசுக்கு வந்த ஏறக்குறைய ஆயிரம் கார்களைத் திறந்து பார்த்தது. முன்மோதல் தடுக்கும் சாதனம் 93 சதவீத வண்டிகளில் ஆனில் இருந்தது. தடம் காக்கும் சாதனம் 51 சதவீதத்தில்தான்! நொய்நொய் என்று கத்துகிறது, ஸ்டீயரிங்கை வெடுக்கென்று இழுக்கிறது என்று பாதிப் பேர் அணைத்துவிட்டார்கள். கத்துவது எதற்கு என்றால், நாம் இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறுவதற்கு. பல்வலிக்காரன் வைத்தியரைத் திட்டின மாதிரிதான்! இந்தக் குணத்தைப் புரிந்துகொண்டுதான் ஐரோப்பாவில், நேற்று அணைத்திருந்தாலும் இன்றைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மறுபடி ஆன் ஆகவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அங்கே 2022 ஜூலை முதல் புதிய மாடல் கார்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்கும் புதுக் கார்கள் அத்தனைக்கும் இது கட்டாயம்.

அணைக்காதவர்களோ எதிர்ப்பக்கம் போய் விழுகிறார்கள். வண்டிதான் பார்த்துக்கொள்கிறதே என்று கையை எடுத்துவிடுகிறார்கள். கை இருக்கிறதா என்று பார்க்க ஸ்டீயரிங் தண்டில் உள்ள டார்ஷன் பாரின் முறுக்கலை வண்டி அளக்கும். அதை ஏமாற்றத் தண்ணீர் பாட்டிலைச் செருகுகிறவர்கள், ஆரஞ்சுப் பழத்தை இடுக்குகிறவர்கள் எல்லாம் உலகத்தில் உண்டு. நம்ம ஆளுங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

ரோட்டில் கோடு போட்டவர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரச் சம்பவம் ஆவணமாகவே இருக்கிறது. 2018 மார்ச் 23, கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ. டெஸ்லா மாடல் எக்ஸ் கார் ஒன்று ஆட்டோபைலட்டில் போகிறது. இடப்பக்கம் ஒரு சாலை பிரிகிறது. பிரியும் இடத்தில் முக்கோணமாக ஒரு காலி இடம், அதன் கோடுகள் தேய்ந்து கிடந்தன. கார் அந்தக் காலி இடத்தையே தடம் என்று எடுத்துக்கொண்டு, வேகத்தையும் கூட்டிக்கொண்டு, நேரே கான்கிரீட் தடுப்பின் முனையில் போய் மோதியது. ஓட்டியவர் கைப்பேசி விளையாட்டில் மூழ்கியிருந்தார் என்றது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். கடைசி ஆறு விநாடி ஸ்டீயரிங்கில் கையே தெரியவில்லை. அந்த முனையில் மோதலைத் தாங்க வைத்திருந்த மெத்தை போன்ற சாதனமும் 11 நாள் முன்பு வேறொரு விபத்தில் நசுங்கியது, சரிசெய்யப்படாமல் கிடந்தது. மூன்று பேரும் ஒரே நொடியில் கைவிட்டார்கள். ஓர் உயிர் போனது.

அமெரிக்காவிலா கோடு தேய்ந்திருந்தது என்று ஆச்சரியப்படாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகர மேயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, வண்டிக்குக் கோடு கண்ணில் படவில்லை, முதலில் உங்கள் ரோட்டுக்கு ஒழுங்காகப் பெயிண்ட் அடியுங்கள் என்று கொட்டித் தீர்த்தார் வோல்வோவின் வட அமெரிக்கத் தலைவர். கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகளாகக் கோட்டுக்குப் பதில் உருண்டைப் பொத்தான்களை ரோட்டில் பதித்து வந்தார்கள். சக்கரம் ஏறினால் கடகடவென்று சத்தம் வரும். தூங்குகிற மனிதனுக்கு அது நல்லது, கேமராவுக்குத்தான் புரியவில்லை. 2017-ல் அதைக் கைவிட்டு, கோட்டை 4 அங்குலத்திலிருந்து 6 அங்குலமாக அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவிலும் கோடு குறைந்தது 150 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், இரவில் விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் திறனுக்கு இத்தனை அளவு வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். சிவில் பிரிவு நண்பர்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன்! உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் பெயிண்டின் மேல் தூவும் கண்ணாடி மணிகளைக் காண்ட்ராக்டர் மிச்சம் பிடித்தால், பத்து லட்சத்துக் காரின் கேமரா ராத்திரியில் குருடாகும். இனிமேல் அந்தக் கண்ணாடி மணி ஒரு மோட்டார் உதிரிபாகம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020-க்குப் பிறகுதான் இது இங்கே பரவலாக வர ஆரம்பித்தது. 2021-ல் வந்த மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 700-ல் இருந்தது, அந்த வண்டியை வடிவமைத்ததே செங்கல்பட்டுப் பக்கத்து ஆராய்ச்சிக் கூடத்தில்தான். 2023-ல் ஹூண்டாய் வெர்னாவிலும், 2024-ல் கிரெட்டாவிலும் வந்தது; இரண்டும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நம் அண்ணன்மார் வேலை பார்க்கும் ஆலையில் உருவாகின்றன. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஆலை வாசலைத் தாண்டி வண்டி எந்த ரோட்டில் ஏறுகிறது? நாலுவழிச் சாலையில், புதுக் கோடு போட்ட இடத்தில், வண்டி சொன்னபடி கேட்கும். ஆறுவழியாக அகலப்படுத்தும் இடத்தில் பழைய கோட்டை அழிக்காமலே புதுக் கோடு இழுத்திருப்பார்கள். மழை பெய்த ராத்திரியில் தார் ஒட்டுப்போட்ட தழும்பு கோட்டை விடப் பளபளக்கும். மணல் மூடிய ஓரம், எதிர்வெயில், நடுவே கோணலாக நிற்கும் போலீஸ் தடுப்பு. அமெரிக்க மோட்டார் சங்கம் 2020-ல் ஐந்து புதுக் கார்களை 4,000 மைல் ஓட்டிப் பார்த்தபோது, சராசரியாக 8 மைலுக்கு ஒரு தடவை ஏதோ ஒரு கோளாறு வந்தது. அதில் நாலில் மூன்று பங்கு தடம் காப்பதில்தான். அங்கேயே அப்படி. இங்கே பல வண்டிகளில் ஊருக்குள் நுழைந்ததும் பச்சை விளக்கு அணைந்து, "எனக்குத் தெரியலை சாமி" என்று அது ஒதுங்கிக்கொள்வது ஒரு விதத்தில் நாணயமான காரியம்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கு. அதில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். காருக்குள் இருந்து செத்தவர்கள் எட்டில் ஒரு பங்குதான். இப்போது இந்தக் காட்சியைப் பாருங்கள். ரோட்டின் இடது ஓரத்தில் ஒரு டி.வி.எஸ். எக்செல், பின்னால் தீவனக்கட்டு. கார்க்காரர் வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கிப் போகிறார், நம் வழக்கப்படி இண்டிகேட்டர் போடாமல். வண்டி என்ன நினைக்கும்? தடம் விட்டு விலகுகிறான் என்று நினைத்து, ஸ்டீயரிங்கை இடப்பக்கம், அந்த எக்செல்காரர் பக்கமே தள்ளும்! மீறித் திருப்பலாம்தான், விசை குறைவுதான். பழக்கமில்லாதவர் கையில் அந்த அரை விநாடித் திடுக்கிடல் போதாதா? வண்டியை டெலிவரி கொடுக்கும்போது பூமாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுக்க ஒரு மணி நேரம் செலவழிக்கிறார்கள். இண்டிகேட்டர் போடாமல் ஒதுங்கினால் ஸ்டீயரிங் எதிர்த்துத் தள்ளும் என்று சொல்ல ஒரு நிமிஷம் இல்லை. பாதிப் பேர் இதை அணைத்துவைப்பதற்கு நம் ஊரில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நாலுவழிச் சாலையில் ஏறியதும் ஆன், கிராமத்து ரோட்டில் இறங்கியதும் ஆஃப் என்று பழகிக்கொண்டால் அதுவே புத்திசாலித்தனம்.

நம் தொழிலுக்கு நேராகத் தொடர்புள்ள சங்கதி ஒன்று. டிரெய்னிங் போயிருந்த ஒர்க்‌ஷாப்பில் கல் பட்டு விரிசல் விட்ட முன்கண்ணாடியை மாற்றினார்கள். கேமராவைக் கழற்றி, புதுக் கண்ணாடியில் மாட்டி, எரர் லைட் வரலை என்றதும் வண்டியைத் தள்ளிவிட்டார்கள். கேலிபிரேஷன் பலகையை எடுக்கவே இல்லை. கேட்டதற்கு, "லைட்டு வரலையில்ல தம்பி, விடு" என்றார் மேஸ்திரி. கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தால், 50 மீட்டர் தூரத்தில் கோடு 87 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். மேலே போட்ட கணக்கை ஞாபகப்படுத்திப் பாருங்கள், காருக்கும் கோட்டுக்கும் நடுவில் இருப்பதே 85 சென்டிமீட்டர்! வீல் அலைன்மென்ட் செய்துவிட்டு ஸ்டீயரிங் ஆங்கிளை மறுபடி செட் பண்ணாமல் விடுவதும் இதே ரகம். நம் சிலபஸில் கார்புரேட்டர் படம் வரையச் சொல்லும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் நாளைக்கு யாராவது நம்மை வாழ்த்துவார்கள்.

இனி, அந்தக் குறிப்பிட்ட ஆள் யார் என்று சொல்கிறேன். ராத்திரி மூணு மணி. நீண்ட நாலுவழிச் சாலை. எதிரே வெளிச்சமில்லை. பதினாலு மணி நேரமாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் லாரி டிரைவர். அவரை விட்டால் ஆம்னி பஸ் டிரைவர், கோயிலுக்கு ஆளை ஏற்றிக்கொண்டு மூன்றாவது ராத்திரியாக வேன் ஓட்டுகிறவர். வேகம் சீராக இருக்கும், ரோடு நேராக இருக்கும், கோடு இருக்கும், கண் மட்டும் இருக்காது. இந்தச் சாதனம் எதற்காகப் பிறந்ததோ அது அப்படியே இங்கே இருக்கிறது. ஐரோப்பாவில் இது முதலில் ஏறியதே லாரியில்தான்! 2000-ல் மெர்சிடிஸ் ஆக்ட்ராஸ் லாரியில் வைத்தார்கள். எந்தப் பக்கம் கோட்டை மிதிக்கிறதோ அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் ரோட்டோரத் திட்டின் மேல் சக்கரம் ஏறின மாதிரி கடகடவென்று சத்தம் வரும். 2013 நவம்பர் முதல் புதிய மாடல் கனரக வண்டிகளுக்கும், 2015 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கனரக வண்டிகளுக்கும் இந்த எச்சரிக்கைச் சாதனத்தை அங்கே கட்டாயமாக்கினார்கள். கார்களுக்குக் கட்டாயமானது ஏறக்குறைய ஒன்பது வருஷம் கழித்து. நாமோ தலைகீழாக ஆரம்பித்திருக்கிறோம்.

லாரிக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பும் வகை சுலபமில்லைதான். பெரும்பாலானவற்றில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். அதன் தலையில் தனியாக ஒரு எலக்ட்ரிக் மோட்டாரை ஏற்றவேண்டும். வோல்வோ 2013-ல் லாரிக்கு அப்படிச் செய்தது, விலையும் அதற்கேற்ப. ஆனால் எச்சரிக்கைக்கு அதெல்லாம் வேண்டாம். கேமரா, சின்னக் கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். 2018 கணக்கில் காயங்களை 21 சதவீதம் குறைத்தது இந்த வெறும் எச்சரிக்கைதான் என்பதை நினைவில் வையுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025-ல் வெளியிட்ட வரைவு அறிவிப்பில் பஸ், லாரிகளுக்குத் தடம் விலகல் எச்சரிக்கையையும், டிரைவர் தூங்குகிறாரா என்று பார்க்கும் சாதனத்தையும் சேர்த்திருந்தார்கள். நல்ல காரியம். வரவேற்கிறேன்.

வரவேற்றுவிட்டு ஒரு கேள்வியும் கேட்கிறேன். டிரைவர் ஏன் தூங்குகிறார்? சேவ்லைஃப் பவுண்டேஷன் 2020-ல் பத்து நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி டிரைவர்களிடம் பேசியது. சராசரியாக ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓட்டுகிறோம் என்றார்கள். களைப்போ தூக்கமோ வந்தாலும் ஓட்டுவோம் என்றவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. எட்டு மணி நேரம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஐரோப்பாவில் அந்த ஸ்பீக்கர் கத்தும் லாரியில், இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் காட்டிக்கொடுக்கும் டாக்கோகிராஃப் கருவியும் இருக்கிறது. அது முதலில் வந்தது, கேமரா பிறகு வந்தது. நாம் கேமராவை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, இன்னொரு டிரைவருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தால், பதினாலு மணி நேரத்தைப் பதினாறாக்க அதுவே சாக்காகிவிடும். "அதான் கத்துற மெஷின் வெச்சுக் குடுத்திருக்கோமே" என்பார்கள்.

எங்கள் பெரியப்பா நாமக்கல்லில் முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். பொங்கலுக்கு வந்தபோது இந்த வரைவைப் பற்றிச் சொன்னேன்.

"கோட்டைத் தாண்டினா கத்துமாக்கும்? நல்லதுதான் கண்ணு. நம்ம கிளீனர் பையன் பண்ற வேலைதானே. இப்பத்தான் எவனும் கிளீனர் வெக்கிறதில்லையே" என்றார்.

"ஆமாங்க பெரியப்பா. டிரைவர் கண்ணைப் பாக்கறதுக்கும் ஒரு கேமரா வெக்கறாங்க. கண்ணு மூடினா அதுவும் கத்தும்ங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது கத்துறது வண்டிக்குள்ள மட்டும் கேக்குமா, மொதலாளி வரைக்கும் கேக்குமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெரிய கம்பெனி வண்டிகளில் இப்போதே இப்படிப்பட்ட கேமராக்கள் ஒவ்வொரு கத்தலையும் படத்தோடு ஆபீஸுக்கு அனுப்பும் வசதியோடு வருகின்றன. எத்தனை தடவை கோடு தாண்டினார் என்று மாசக் கடைசியில் பட்டியல் வரும். படி பிடிப்பதற்கு அது வசதி. அப்படிப் பிடிக்க ஆரம்பித்த அன்றைக்கே டிரைவர்கள் அந்தக் கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். காரில் பாதிப் பேர் பட்டனை அழுத்தி அணைத்த மாதிரி. இறுதி விதிகளில் இதற்கு இரண்டு வரி வேண்டும் என்பது என் கோரிக்கை: அந்தப் பதிவைக் கூலி பிடிக்கப் பயன்படுத்தக்கூடாது, ஒரே ராத்திரியில் பல தடவை கத்தினால், வண்டியை நிறுத்தித் தூங்குகிற நேரத்துக்கும் டிரைவருக்குச் சம்பளம் உண்டு.